கொம்பு கடைசி

போன அக்டோபரில் நான் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு கிளாஸில் பாதிப்பேர் "மச்சி, நீயாடா சுட்டே?" என்று கேட்டார்கள். முதுகில் ஆளுயரக் கொம்பைக் கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. இல்லை மக்களே, நான் சுடவில்லை. துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. லைசென்ஸ் இல்லாதவன் தொடவும் கூடாது. நான் போனது சுமை தூக்க. அந்தப் போட்டோவுக்கு வந்த பாராட்டையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆறு மாசமாகச் சும்மா இருந்தேன். மனசு கேட்கவில்லை, அதனால் இது.

எனக்கு எட்மன்டனில் பி.காம். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ரூம்மேட் இந்த ஊர்க்காரன், ஆல்பர்ட்டாவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன டவுன். அவன் அப்பாவுக்கு அறுபதை நெருங்குகிற வயசு, ஒரு முழங்கால் சரியில்லை. நம்ம பழக்கத்தில் நான் அவரை "அங்கிள்" என்று கூப்பிட, முதல் நாள் "எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லையே, நான் எப்படி உனக்கு அங்கிள்?" என்று சீரியஸாகக் கேட்டார். அப்புறம் பழகிவிட்டது. இப்போது போனில் அவரே "அங்கிள் பேசறேன்" என்கிறார் :-)

அவர்கள் வீட்டு கராஜில் சவப்பெட்டி சைஸுக்கு ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு எல்க் கிடைத்தால் கடையில் மாட்டிறைச்சி வாங்குவதில்லை. கிடைக்காத வருஷம் வாங்குவார்கள், புலம்பிக்கொண்டே.

எல்க் தெரியாதவர்களுக்கு: எங்க ஊர்ப்பக்கம் மிளா என்போமே, கடமான், அதைவிடப் பெரிய சாதி. நல்ல ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். காஷ்மீரில் இருக்கிற ஹங்குல் மான் இதற்குச் சொந்தக்காரன். தமிழில் மாட்டுக்கும் மானுக்கும் 'கொம்பு' என்று ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு. மாட்டுக்கொம்பு உள்ளே எலும்பு, மேலே நகம் மாதிரி ஒரு உறை, ஆயுசுக்கும் அதேதான். மான்கொம்பு முழுக்க எலும்பு, வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். எல்க் மார்ச், ஏப்ரலில் கொம்பை உதிர்க்கும். உடனே அடுத்தது ஆரம்பம். கோடையில் உச்சத்தில் ஒரு நாளைக்கு ஒரு அங்குலம்வரை வளருமாம். ஆகஸ்ட் வாக்கில் மேலே இருக்கிற வெல்வெட் தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிட்டு சண்டைக்குத் தயார். இத்தனையும் சில மாசச் சண்டைக்காக. செலவுக் கணக்கு பார்க்கிற எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

நார்டெக் பக்கம், ராக்கி மலை அடிவாரம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் உள்ளே. பாதை என்று சொன்னால் பொய். பாதிக்கு மேல் விழுந்து கிடக்கிற பைன் மரங்கள், தாண்டித் தாண்டிப் போகணும். சனிக்கிழமை காலை எட்டரைக்கு அங்கிள் சுட்டார். ஒரே குண்டு. எல்க் நாற்பதடி ஓடி விழுந்தது. கிட்டே போய் ஒரு நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தொப்பியைக் கழற்றினேன். உடம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வயிற்றைப் பிசைந்தது எனக்கு. ஊரில் ஆட்டுக்கறிக் கடை வாசலில் நின்று "நெஞ்செலும்பு போடுங்கண்ணே" என்று கேட்கிறவன்தான் நான், இருந்தாலும் பிசைந்தது.

வயிற்றைக் கிழிக்காமலே அறுக்கிற முறை ஒன்று இருக்கிறது, அதைத்தான் செய்தார்கள். ஒரு பக்கமாகப் படுக்க வைத்து முதுகிலிருந்து தோலை உரித்துக்கொண்டு வரணும். முன்னங்கால் (நம்ம கறிக்கடையில் சப்பை என்போம்) எலும்பால் உடம்போடு சேர்ந்திருப்பதே இல்லை, வெறும் சதைதான். கத்தியை உள்ளே விட்டால் கையோடு வந்துவிடுகிறது. பின்தொடைக்கு மட்டும் இடுப்பில் பந்துக்கிண்ண மூட்டைத் தேடிப் பிடிக்கணும். முதுகுக்கறி, கழுத்துக்கறி, விலா இடுக்கு. அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து புரட்டி மறுபக்கம். எல்லாம் வெள்ளைத் துணிப்பைகளில். பின்தொடை இரண்டும் தலைக்கு 30 கிலோ, சப்பை இரண்டும் தலைக்கு 20, மீதி உதிரிக்கறி 18. மொத்தம் 118 கிலோ. இது என் கைக்கணக்கு, தராசு இல்லை.

தலையைக் கடைசியில்தான் தொட்டார். முதலில் நாக்கு, கன்னக்கறி. அப்புறம் மேல்தாடையிலிருந்து இரண்டு பல். எல்க்குக்கு மேலே இரண்டு கோரைப்பல் உண்டு, தந்தம் மாதிரி வழவழவென்று. அந்தக் காலத்தில் இங்குள்ள சமவெளிப் பழங்குடிப் பெண்கள் இவற்றைக் கோத்துத் தைத்த உடைகளை மியூசியத்தில் பார்க்கலாம். அங்கிள் அந்த இரண்டையும் பனியில் துடைத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது ஆன்ட்டிக்கு" என்றார். ஆன்ட்டி என்ற வார்த்தை என் உபயம்.

கொம்பு எடுக்கிற வேலை நான் நினைத்த மாதிரி இல்லை. கொம்பை அடியில் அறுத்து எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி எடுத்தால் அது இரண்டு தனித்தனிக் குச்சி, அவ்வளவுதான். மண்டையோட்டின் மேல்தட்டோடு சேர்த்து எடுக்கணும். பிடரியிலிருந்து இரண்டு கொம்பின் அடிவரைக்கும் தோலைக் கீறி, கொம்பைச் சுற்றி கத்தியால் நெம்பி, கண்வரை உரித்தார். அப்புறம் எலும்பு ரம்பம். ரூம்மேட் இரண்டு கொம்பையும் சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி பிடித்துக்கொள்ள, பின்மண்டையிலிருந்து கண்குழியின் நடுவரை ஒரே நேர்கோடு. கோடு மேலே ஏறினால் தட்டு மெல்லிசாகி உடையும், கீழே இறங்கினால் வீண் சுமை. பத்து நிமிஷம் ஆனது. பல் டாக்டர் மெஷின் வைக்கும்போது வருமே ஒரு வாசனை, அதே.

தட்டைத் திருப்பி, ஒட்டியிருந்த மூளையைக் கரண்டியால் சுத்தமாகச் சுரண்டினார். இது அழகுக்காக இல்லை. மான்களை உருக்கிக் கொல்கிற ஒரு வியாதி இருக்கிறது, சுருக்கமாக சி.டபிள்யூ.டி. என்பார்கள். கிருமியே கிடையாது, உருக்குலைந்த புரதம்தான் காரணம். 1967ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரிந்தது. ஆல்பர்ட்டாவில் காட்டு மானிடம் 2005ல் கண்டுபிடித்தார்கள். மனுஷனுக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனால் சமைத்தாலும் சாகாத சமாச்சாரம். மூளையிலும் தண்டுவடத்திலும் அதிகம் இருக்கும் என்பதால், பல மாகாணங்கள், மாநிலங்களுக்குள் மண்டைத்தட்டைச் சுத்தம் செய்யாமல் கொண்டு போக முடியாது.

ரம்பத்தை எடுத்ததும் "தட்டை நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டால் தூக்க சுலபமாச்சே?" என்று அறிவாளி மாதிரி கேட்டேன். சுலபம்தானாம். ஆனால் மண்டை பிளந்த கொம்பை பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் ரெக்கார்டுக்கு அளக்கவே மாட்டார்கள். 1887ல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த கிளப் அது. இந்தக் கொம்பு ரெக்கார்டுக்குப் பக்கத்தில்கூட வராது. பக்கத்துக்கு ஆறு கிளை, சுமார் 11 கிலோ, சாதாரணமான நல்ல கொம்பு. இருந்தாலும் பிளக்கவில்லை.

பிளக்காமல் நிமிர்த்தி வைத்தபோது நான் விழுந்துவிட்டேன். ஃபிளாட்டாக! அடியில் கரகரவென்று காப்பிக்கொட்டை நிறம், நுனி மட்டும் தேய்ந்து வெள்ளை. எங்க தாத்தா வீட்டுத் திண்ணையில் பழைய மிளாக்கொம்பு ஒன்று இருந்ததாக அப்பா சொல்வார். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பயந்துபோய் ஆற்றில் போட்டுவிட்டார்களாம். இன்றைக்கும் எங்க ஊரில் காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கிற கொம்பை எடுத்தாலே கேஸ், அது சர்க்கார் சொத்து. இங்கே அமெரிக்காவில் வயோமிங்கின் ஜாக்ஸன் ஊரில், 1912ல் ஏற்படுத்திய எல்க் சரணாலயத்தில் உதிர்கிற கொம்பைச் சாரணர் பசங்க பொறுக்கி, 1968லிருந்து வருஷா வருஷம் ஏலம் விடுகிறார்கள். ஊர் நடுவில் கொம்பாலேயே தோரண வாயில்கள் இருக்கின்றன. எடைக்கு வாங்கி விளக்கு, கத்திப்பிடி, நாய் கடிக்கிற துண்டு என்று என்னென்னவோ செய்கிறார்கள். பி.காம். புத்தி, உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அங்கிள் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். "இறைச்சி முதல். கொம்பு கடைசி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இது அவர் சொந்தச் சட்டம் இல்லை என்பது அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது. ஆல்பர்ட்டாவில் தின்னக்கூடிய எல்க் கறியை வீணாக்குவது குற்றம். அலாஸ்காவில் இன்னும் ஸ்ட்ரிக்ட், கொம்பு கடைசி நடைக் கறியோடுதான் காட்டைவிட்டு வெளியே வரலாம், அதற்கு முன்னால் வரக்கூடாது. கொலராடோவில் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பைப் போட்டுவிட்டுப் போனால் பெருங்குற்றம். அங்கே எஸ்டஸ் பார்க்கில் ஊரே செல்லமாக வைத்திருந்த சாம்ஸன் என்ற ஆண் எல்க்கை 1995ல் ஒருத்தன் திருட்டுத்தனமாகக் கொன்றான். அதன் பேரிலேயே 1998ல் சட்டம் போட்டார்கள். ஆறு கிளைக்குக் குறையாத எல்க்கைத் திருட்டு வேட்டை ஆடினால் வழக்கமான அபராதத்துக்கு மேல் 10,000 டாலர். எத்தனை பேர் கொம்பைப் பார்த்துப் புத்தி கெட்டிருந்தால் இத்தனை சட்டம் வந்திருக்கும்!

கறியை, அறுத்த இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டையைக் குறுக்கே போட்டு நல்ல உயரத்தில் தொங்கவிட்டோம். கரடி காடு அது. முதல் நடை மூன்று பேரும். ரூம்மேட் ஒரு தொடை, நான் ஒரு சப்பை, அங்கிள் உதிரிக்கறிப் பை. வண்டிக்கு வரும்போது மணி இரண்டு. அங்கிளின் முழங்கால் வீங்கிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போய் மீதித் தொடையும் சப்பையும் கொண்டு வந்துருங்க. கொம்பை நாளைக்குக் காலையில நிதானமா எடுத்துக்கலாம்."

நாலு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். இரண்டு பையையும் இறக்கினோம். ரூம்மேட் தொடையை முதுகில் ஏற்றிக்கொண்டான். என் பங்கு சப்பை, 20 கிலோ. பக்கத்திலேயே கொம்பு சாய்த்து வைத்திருந்தது. சாயங்கால வெயில் வேறு அதன் மேல் விழுந்து தொலைத்தது.

நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்களை அப்படியே எழுதுகிறேன். ஒன்று, எப்படியும் நாளைக்கு ஒரு நடை இருக்கிறது, எது முன்னால் போனால் என்ன? இரண்டு, 20 கிலோவைவிட 11 கிலோ சுலபம், எனக்குக் காலையிலிருந்தே தோள் போய்விட்டது. மூன்று, ஞாயிற்றுக்கிழமை மழையோ பனியோ வந்து போகாமல் விட்டுவிட்டால்? நாலாவது சமாதானத்தை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை: கொம்போடு வண்டியிடம் போய் இறங்குவது நானாக இருக்கணும்.

"அப்பா என்ன சொன்னார்?" என்றான் ரூம்மேட். "நாளைக்கு நான் ஒருத்தனே வந்து சப்பையைத் தூக்கிட்டு வந்துடறேன்டா" என்றேன். முப்பது கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு வாதம் பண்ண எங்கே தெம்பு? தோளைக் குலுக்கினான். சப்பையைத் திரும்ப மேலே ஏற்றணும். கயிறு ஈரமாகி இறுகிப்போய் ஒத்துழைக்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்கணும். என் தலைக்கு ஒரு முழம் மேலே இருக்கும்படி ஒரு கிளையில் கட்டிவிட்டு "போதும்" என்றேன். கொம்பை என் பேக்கில் தலைகீழாக, மண்டைத்தட்டு மேலேயும் கிளைகள் கீழேயும் வருகிற மாதிரி இறுக்கிக் கட்டினோம். சுற்றிலும் ஆரஞ்சு டேப். துப்பாக்கி சீசனில் புதருக்குள் எல்க் கொம்பு அசைந்து வந்தால் தூரத்தில் இருப்பவன் என்ன நினைப்பான், யோசித்துப் பாருங்கள். போட்டோவையும் அங்கேயே எடுத்தோம்.

சுலபம் என்று நினைத்தேனே, அந்த 11 கிலோ என்னை அழ வைத்துவிட்டது. கறி முதுகோடு ஒட்டிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்கும். கொம்பு கேட்காது. ஒரு மீட்டருக்கு மேல் அகலம். இரண்டு மரத்துக்கு நடுவில் நுழைந்தால் ஒரு பக்கம் மாட்டி என்னை அப்படியே திருப்பும். விழுந்த மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கினால் கெண்டைக்காலில் குத்தும். குனிந்தால் பிடரியில் இடிக்கும். ஒரு தடவை வழுக்கிப் பின்னால் சாயப்போனபோது ரூம்மேட் பிடித்தான். பின்னால் விழுந்தால் ஆறு ஈட்டி மேல் விழுவதற்குச் சமம். இரண்டு மணி நேர நடை மூன்று மணி நேரம் ஆனது, கடைசி ஒரு மணி நேரம் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில்.

வண்டி விளக்கு வெளிச்சத்தில் நான் கொம்போடு போய் நின்றேன். அங்கிள் கொம்பைப் பார்த்தார். என் பேக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "சப்பை எங்கே?" என்றார்.

சொன்னேன். எவ்வளவு உயரத்தில் கட்டினாய் என்று கேட்டார். கையைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு காப்பி ஊற்றிக் கொடுத்தார். "காலையில நானும் வர்றேன்" என்றார். முழங்கால் என்ன ஆகும் என்று ரூம்மேட் கேட்டதற்குப் பதில் இல்லை.

ராத்திரி லேசாகப் பனி பெய்தது. காலையில் மூன்று பேரும் சத்தம் போட்டுக்கொண்டே ஏறினோம். மனுஷ சத்தம் கேட்டால் கரடி விலகும் என்பதற்காக, நான் தெரிந்த இளையராஜா பாட்டையெல்லாம் தொண்டை கிழியப் பாடினேன். அறுத்த இடம் தெரிகிற மேட்டுக்கு வந்ததும் அங்கிள் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. நேற்று எலும்புக்கூடு கிடந்த இடத்தில் எலும்புக்கூடு இல்லை. மண்ணும் பாசியும் குச்சியும் குவிந்த ஒரு மேடு. கிரிஸ்லி கரடி தன் சாப்பாட்டை அப்படித்தான் மூடி வைக்கும். மூடி வைத்தால் பக்கத்தில் எங்கேயோ படுத்திருக்கிறது என்று அர்த்தம். பனியில் தடம், விரலிலிருந்து நன்றாகத் தள்ளி நகக் குறி. அங்கிள் பைனாகுலரில் மரங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். கிளையில் கயிறு மட்டும் தொங்கியது. கீழே கிழிந்த வெள்ளைத் துணி.

"திரும்பாதீங்க. பின்பக்கமாவே மெதுவா நடங்க" என்றார். கரடி ஸ்ப்ரேயின் பூட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் கடைசியில் வந்தார், அந்த முழங்காலோடு. மேடு கண்ணுக்கு மறைகிறவரை ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. கரடியை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இதை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

திட்டியிருந்தால் தேவலை. வண்டியில் வரும்போது ரொம்ப நேரம் கழித்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு சப்பைன்னா எங்க வீட்ல பதினஞ்சு ராத்திரிச் சாப்பாடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஃப்ரீசர் கணக்கைத் தனக்குள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், வாய்விட்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹாக்கி பற்றிப் பேசினார்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதன்மைப் பொருள், உபபொருள் என்று ஒரு பாடம் உண்டு. மரம் அறுக்கிறவனுக்கு பலகைதான் பொருள், மரத்தூள் உபபொருள். மிட்டர்மில் அந்தக் கேள்வி வந்தது, எனக்கு முழு மார்க். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் காட்டில் இதைத் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் கறி பிரித்தார்கள். எனக்கும் ஒரு பங்கு, ஆறு கிலோ. "சப்பையை என் பங்கில் கழிச்சுக்கோங்க அங்கிள்" என்றேன். "நீ என்ன கூலிக்கா வந்தே, கழிக்கிறதுக்கு?" என்று பையை என் கையில் திணித்தார். மிளகு போட்டு வறுத்தேன். கொழுப்பே இல்லாத கறி, இரண்டு நிமிஷம் அசந்தால் செருப்புத் தோல். அம்மா வீடியோ காலில் சட்டியைப் பார்த்துவிட்டு "என்ன கறிடா?" என்றாள். "மிளா மாதிரி ஒண்ணும்மா." அவ்வளவுதான், "ஐயய்யோ, ஃபாரஸ்ட்காரன் பிடிச்சிரப் போறான்ல!" என்று பதறி, ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். எட்மன்டனில். அவளிடமும் கரடி விஷயத்தைச் சொல்லவில்லை.

கொம்பு அவர்கள் கராஜ் சுவரில் இருக்கிறது. ஈரக் கையுறை காயப்போட வசதியாக இருக்கிறதாம். வருகிற அக்டோபருக்கும் கூப்பிட்டிருக்கிறார். புதுக் கயிறு நான் வாங்கி வைத்துவிட்டேன்.

அந்தப் போட்டோவை எடுத்துவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை யோசித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை பாருங்கள். எனக்குப் பின்னால், வலது பக்கம், மரக்கிளையில் தாழ்வாக ஒரு வெள்ளைப் பை தொங்கும். அதுதான் சப்பை.